கோவைக் கண்காட்சியில் ஒரு ஸ்டால்

அக்டோபர் 14

கம்ப்ரசர் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. இத்தனை மாதம் டிராயரில் கிடந்தது. இன்றிலிருந்து எழுதப்போகிறேன். நடக்கிறதைத் தேதி போட்டு எழுதி வைத்தால் பின்னால் யாரும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நழுவ முடியாது.

காலையில் எங்கள் பார்ட்னர் ஃபெலிக்ஸ் வந்ததும் வராததுமாகப் போனை என் முன்னால் நீட்டினார். டிசம்பரில் கோவையில் ஹோட்டல், கேட்டரிங் மெஷின்களுக்கு நான்கு நாள் கண்காட்சியாம். நாமும் ஒரு ஸ்டால் எடுக்க வேண்டும் என்கிறார்.

"எல்லா ஊர் ஹோட்டல்காரனும் ஒரே இடத்துக்கு வர்றான் அண்ணி. நான் வருஷம் பூரா பைக்ல சுத்தினாலும் அவ்வளவு பேரைப் பார்க்க முடியாது."

"வர்றவங்க எல்லாம் வாங்கத்தான் வர்றாங்கன்னு என்ன நிச்சயம்?"

"வேற எதுக்கு வருவாங்க?"

"பார்த்துட்டுப் போய் அதே மாதிரி செய்யறதுக்கு."

ஃபெலிக்ஸ் சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது? என் வீட்டுக்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "யோசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து இவருக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

திருச்சியை அடுத்த துவாக்குடி தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு வாடகை ஷெட். சின்ன வெங்காயம் உரிக்கிற மெஷின் செய்கிறோம். இவர், அதாவது என் வீட்டுக்காரர் ஞானசேகர், மெஷினைச் செய்கிறார். ஃபெலிக்ஸ் வெளியே போய் விற்கிறார், ரிப்பேரும் பார்க்கிறார். ஆபீஸ் என் பொறுப்பு. மூன்று பேரும் பங்குதாரர்கள். ஃபெலிக்ஸும் இவரும் முன்பு ஒரே ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்.

மற்றவர்கள் மெஷினில் காற்று ஒரேயடியாக அடிக்கும். தோல் போகும், வெங்காயமும் நசுங்கிவிடும். எங்கள் மெஷினில் காற்று விட்டு விட்டு, பக்கம் மாற்றி அடிக்கும். தோல் மட்டும் கழன்று வரும். முறத்தில் போட்டுப் புடைக்கிறபோது எனக்குத் தோன்றிய யோசனை அது. யாரும் அதைச் சொல்வதில்லை. நானும் சொல்லிக்கொள்வதில்லை.

சாயங்காலம் சுதாகருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். என் தம்பி. ஈரோட்டில் இருக்கிறான். "ஸ்டாலா? வேண்டவே வேண்டாம்க்கா. ஒரே நாள்ல காப்பியடிச்சிருவாங்க" என்றான். அவனும் ஹோட்டல் பாத்திர லைனில்தான் சேல்ஸில் இருக்கிறான். அவனுக்குத் தெரியாதா?

அக்டோபர் 15

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் "இதோ வர்றேன்" என்று சொல்லியே பொழுதைக் கழித்துவிட்டார். ஃபெலிக்ஸ் மதியத்துக்கு மேல் ஷெட்டில் இல்லை. கேட்டதற்கு "ஒரு வேலையாப் போனேன்" என்றார். என்ன வேலை என்று சொல்லவில்லை.

அக்டோபர் 19

பேட்டன்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு அப்புறம் மெஷினைக் காட்டலாம் என்று ஃபெலிக்ஸ் புதிதாக ஆரம்பித்திருக்கிறார். தில்லைநகரில் ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறாராம். யாரைக் கேட்டுப் பார்த்தார்?

"யார் பேர்ல எழுதறது?" என்று கேட்டேன்.

"கம்பெனி பேர்லதான் அண்ணி."

பதில் ரொம்பச் சட்டென்று வந்தது. முன்பே யோசித்து வைத்தவர்கள்தான் அப்படிச் சட்டென்று சொல்வார்கள்.

சுதாகரிடம் கேட்டேன். "பேட்டன்ட்னா வரைபடத்தையெல்லாம் கொடுக்கணும்க்கா. ஆபீஸ்ல இருந்தே வெளிய போயிடும். திருட்டே அங்கதான் நடக்குது" என்றான். வக்கீலுக்குக் கொடுக்க வேண்டிய பேப்பர்களை என் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். இவர் கேட்டால் பார்க்கலாம். இதுவரை கேட்கவில்லை.

அக்டோபர் 23

நான் சந்தேகப்பட்டது சரி. இன்று டீ கொண்டுபோனபோது ஃபெலிக்ஸ் மெஷினைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து, உள்ளே டிரம், காற்றுக் குழாய் எல்லாவற்றையும். என்னைப் பார்த்ததும் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

இவரிடம் சொன்னேன். "அவன் மெஷினும்தானே அது" என்றார்.

"நாளைக்கு இதைத் தூக்கிட்டுப் போய் வேற எடத்துல செஞ்சா?"

"ஃபெலிக்ஸா?" என்று கேட்டுவிட்டு மறுபடி டிரில்லிங் மெஷின் பக்கம் போய்விட்டார். நான் ஏதோ பொருத்தமில்லாத பெயரைச் சொல்லிவிட்ட மாதிரி.

இவரிடம் கொட்டி என்ன பயன். சுதாகரிடம் பேசினால்தான் மனசு லேசாகிறது. அவன் அலுத்துக்கொள்வதே கிடையாது. "சொல்றேன்னு தப்பா நினைக்காதக்கா, பார்ட்னர்தான் முதல்ல கழுத்தறுப்பான்" என்றான். பிறகு பேச்சுவாக்கில், காற்று எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாறும் என்று கேட்டான். சொன்னேன். அதை எது மாற்றுகிறது என்றான். அதையும் சொன்னேன். அவன் படித்தது கெமிஸ்ட்ரி. பாவம், எங்கே புரியப்போகிறது.

அக்டோபர் 28

தீபாவளிக்குக் கஸ்டமர்களுக்கு ஸ்வீட் பெட்டி கட்டினேன். முதுகு விட்டுப்போச்சு.

ஸ்ரீரங்கத்து மெஸ்காரர் போன் செய்தார். மெஷின் நன்றாக ஓடுகிறதாம். ஆனால் தோல் எல்லாம் அடுப்படி முழுக்கப் பறக்கிறதாம், சாம்பார் அண்டாவிலும் விழுகிறதாம். அரிசி களைந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. தோல் வெளியே வரும் வாயில் தலையணை உறை மாதிரி ஒரு நீளமான துணிப்பையை நாடா போட்டுக் கட்டிவிட்டால்? துணி வழியாகக் காற்று போய்விடும், தோல் உள்ளேயே தங்கும். நிறைந்ததும் அவிழ்த்துக் கொட்டிக்கொள்ளலாம்.

பழைய காட்டன் புடவையைக் கிழித்து ஒன்று தைத்துப் பார்த்தேன். யாரிடமும் காட்டவில்லை. இவரிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் ஃபெலிக்ஸுக்குப் போய்விடும். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சுதாகரிடம் மட்டும் சொன்னேன். "அக்கா, நீ பேசாம இன்ஜினியர் ஆகியிருக்கலாம்" என்றான். இந்த வீட்டில் இப்படி ஒரு வார்த்தை கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு.

நவம்பர் 2

தீபாவளிக்கு மறுநாள் சுதாகர் குடும்பத்தோடு வந்திருந்தான். ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்றான். குழந்தைகளுக்குக் காட்டவாம். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு நானே கூட்டிப்போனேன். மெஷினை ஓட்டிக் காட்டினேன். குழந்தைகள் இரண்டும் சீக்கிரமே அலுத்துப்போய் வெளியே போய் விளையாட ஆரம்பித்துவிட்டன. சுதாகர்தான் ரொம்ப நேரம் நின்று பார்த்தான்.

வேலை மாறியிருக்கிறானாம், ஆகஸ்டிலிருந்து. இன்னும் பெரிய கம்பெனி. பெயர் சொன்னான். மனசில் நிற்கவில்லை. அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது, அது போதும்.

நவம்பர் 6

ஸ்டாலுக்குப் பெயர் கொடுக்க இன்று கடைசி நாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

ஃபெலிக்ஸ்தான் பேசினார். "இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு எவனாவது இதைச் செய்யத்தான் போறான் அண்ணி. அதை நிறுத்த முடியாது. ஆனா நாம முதல்ல காட்டிட்டா, இது துவாக்குடிக்காரங்க மெஷின்னு பேராவது நமக்கு நிக்கும். அவன் முதல்ல காட்டினா நாம காப்பி."

"யாரு அந்த எவன்?" என்றேன்.

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொல்ற மாதிரி இல்லையே. யாரோ இருக்கற மாதிரில்ல சொல்றீங்க."

ஃபெலிக்ஸ் இவரைப் பார்த்தார். இவர் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்குப் போகணும்னுதான் இருக்கு வசு" என்றார். எனக்கே ஆச்சரியம். நாலு பேர் சேர்ந்தால் ஓரமாக நிற்கிறவர். "செஞ்சதை ஒரு தடவை எல்லாரும் பார்க்கட்டுமே."

யார் சொல்லிக் கொடுத்தார்கள் இவருக்கு? முடியாது என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்திருக்கிறோம். ஃபெலிக்ஸ் எழுந்து, "சரிங்க அண்ணி" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட நம்பியிருப்பேன்.

நவம்பர் 7

சுதாகருக்குச் சொன்னேன். "நல்ல வேலை பண்ணினக்கா" என்றான்.

நவம்பர் 20

நடந்துவிட்டது.

ஃபெலிக்ஸ் கரூரில் ஒரு கேட்டரிங் கான்ட்ராக்டரைப் பார்க்கப் போயிருந்தார். நமக்கு ஆர்டர் கொடுப்பதாக இருந்தவர். அவர் போனில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். ஈரோட்டுக் கம்பெனி ஒன்றின் மெஷின். விட்டு விட்டுக் காற்று, பக்கம் மாற்றி. அடுத்த மாதம் கோவைக் கண்காட்சியில் வெளியிடப் போகிறார்களாம். அதுவரை பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஃபெலிக்ஸை அனுப்பிவிட்டாராம்.

ஃபெலிக்ஸ் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தார். இவர் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றார்.

அந்தக் கம்பெனியின் பெயரை இதில் எழுத மாட்டேன்.

நவம்பர் 22

மூன்று பேருக்குத்தான் தெரியும். இவர் சொல்லியிருக்க முடியாது. நான் சொல்லவில்லை. மிச்சம் யார்?

சுதாகருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. இரண்டு நாளாகவே எடுக்கவில்லை. வேலையாக இருப்பான்.

நவம்பர் 23

கேட்டுவிட்டேன்.

ஃபெலிக்ஸ் சர்வீஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய நேரம். "அக்டோபர்ல எடுத்த வீடியோ எங்க?" என்றேன்.

"போன்ல இருக்கு."

"யாருக்கு அனுப்பினீங்க?"

ஷெட்டில் கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இவர் போய் அதை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?" என்று ஃபெலிக்ஸ் இவரைக் கேட்டார்.

"இல்ல" என்றார் இவர்.

"அப்ப அண்ணிகிட்ட சொல்லுங்க."

இவர் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். என்ன சொல்ல வந்தார், ஏன் சொல்லவில்லை?

ஃபெலிக்ஸ் சாவியை என் மேஜையில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். "பாக்கி இருக்கற சர்வீஸ் எல்லாம் முடிச்சுக் கொடுத்துடறேன். கஸ்டமருக்குச் சொன்ன தேதி மாறக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குற்றம் செய்யாதவர் ஏன் சாவியை வைக்க வேண்டும்?

நவம்பர் 24

இவர் என்னோடு பேசவில்லை. ரசத்துக்கு உப்புப் போட மறந்திருக்கிறேன். அதையும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

டிசம்பர் 3

சுதாகர் ஒருவழியாகப் பேசினான். டூர், சிக்னல் இல்லை என்றான். ஃபெலிக்ஸ் போன கதையைச் சொன்னேன். வழக்கமாக ஏதாவது சொல்வான். இன்று "அப்படியா" என்று மட்டும் சொன்னான். எனக்காக வருத்தப்படுகிறான் போலிருக்கிறது. "மாமா எப்படி இருக்காரு?" என்று இரண்டு தடவை கேட்டான்.

டிசம்பர் 8

ஃபெலிக்ஸின் மனைவி ஜெசிந்தாவைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். நின்று பேசினாள். "அவர் வியாழக்கிழமை கோயம்புத்தூர் போறாரு அக்கா, கண்காட்சிக்கு" என்றாள்.

ஸ்டாலே இல்லாதவருக்குக் கண்காட்சியில் என்ன வேலை? ஈரோட்டுக்காரர்களைப் பார்க்கத்தான். கையும் களவுமாகப் பிடித்தால் இவர் அப்போதாவது நம்புவார். நானும் போகிறேன். இவரிடம் கோவையில் இருக்கும் பெரியம்மா மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 13

பெரியம்மா மகள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போனேன். கண்காட்சிக் கூடாரம் பெரிய கல்யாண மண்டபம் நான்கைச் சேர்த்துப் போட்ட மாதிரி இருந்தது. தோசை மெஷின், சப்பாத்தி மெஷின், பாத்திரம் கழுவுகிற மெஷின். எங்கே பார்த்தாலும் இலவசமாக ஏதாவது தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் வாங்கவில்லை. ஃபெலிக்ஸைத் தேடிக்கொண்டு போனேன்.

ஈரோட்டுக்காரர்களின் ஸ்டால் நுழைந்ததும் வலது கைப் பக்கம், நல்ல இடம். ஒரே கூட்டம். நினைத்த மாதிரியே ஃபெலிக்ஸ் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினையே பார்த்தபடி. பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். பக்கத்து ஸ்டாலின் பேனருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். யாராவது வந்து அவரோடு கை குலுக்குவார்கள், போட்டோ எடுத்துவிடலாம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டேன்.

யாரும் கை குலுக்கவில்லை. யாரும் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

மெஷின் எங்கள் மெஷின்தான். அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டுப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். கம்பெனி டி-ஷர்ட் போட்ட ஒருவன் குனிந்து, தோல் வெளியே வருகிற வாயில் ஏதோ கட்டிக்கொண்டிருந்தான். நீளமான துணிப்பை. நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

அந்தப் பையைப் பற்றி நான் ஃபெலிக்ஸிடம் சொன்னதில்லை. இவரிடமும் சொன்னதில்லை.

அவன் நிமிர்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முதுகைப் பார்த்தாலே தெரியாதா? தூக்கி வளர்த்த முதுகு.

எப்படி அங்கே போய் நின்றேன் என்று நினைவில்லை. சுதாகர் என்னைப் பார்த்தான். கை நாடாவிலேயே இருந்தது.

"அக்கா" என்றான். பிறகு, "சாப்பிட்டியா?"

"என்ன துணி அது?" என்று கேட்டேன்.

"காடா."

"காடா சீக்கிரம் அடைச்சுக்கும்."

"ம்" என்றான். யாரோ ஒரு கஸ்டமர் என்னை இடித்துக்கொண்டு வந்து அவனிடம் ஏதோ கேட்டார். அவருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் வந்தான். "எத்தனை தடவை கேட்டேன்க்கா, உங்க கம்பெனில என்னையும் சேத்துக்கன்னு. மாமா சரின்னுதான் சொன்னாரு. நீதான் சொந்தக்காரனும் தொழிலும் ஒத்து வராதுன்ன." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. "இங்க வந்து சேர்ந்தப்ப, ஏதாவது தெரியுமான்னு கேட்டாங்க. தெரிஞ்சதைச் சொன்னேன்."

தெரிஞ்சதை.

ஃபெலிக்ஸ் என் பக்கத்தில் வந்து, "அண்ணி, வாங்க, ஒரு காபி குடிக்கலாம்" என்றார். போனேன்.

கேன்டீனில் ஆளுக்கொரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். "என்னைப் பிடிக்கத்தான் வந்தீங்க, இல்லையா?" என்றார்.

"ஆமா" என்றேன். மறைக்கத் தெம்பு இல்லை.

ஃபெலிக்ஸ் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "எனக்கும் நிச்சயமாத் தெரியாது அண்ணி. அவங்ககிட்ட எது இருக்கு, எது இல்லைன்னு பார்த்தா எங்கேயிருந்து போச்சுன்னு தெரியும்னுதான் வந்தேன். அந்தப் பையைத்தான் புரியல. அது நம்மகிட்டயே இல்லையே."

"இருக்கு" என்றேன்.

ஃபெலிக்ஸ் மேலே கேட்கவில்லை. அதற்காக அவருக்கு நான் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறேன்.

காபி முடிந்ததும் சொன்னார். கடைசி வரிசையில், ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு ஸ்டால் காலியாகக் கிடக்கிறது. வடக்கேயிருந்து வர வேண்டிய கம்பெனி வரவில்லை. அமைப்பாளர்களிடம் பேசி வைத்திருக்கிறார், மிச்ச நாளுக்குக் கொடுப்பார்கள். "நீங்க வேண்டாம்னா வேண்டாம். மூணு பேரும் ஒத்துக்கணும்."

இதையும் எனக்கு முன்னால் பேசி வைத்திருக்கிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை எழுதத்தானே வேண்டும்.

இவருக்குப் போன் போட்டேன். "மெஷினை வண்டியில ஏத்துங்க. இங்க கொண்டு வாங்க" என்றேன்.

"கண்காட்சிக்கா?" என்றார். கண்காட்சிக்கு வந்திருக்கிறேன் என்று இவரிடம் சொல்லவே இல்லை. ஜெசிந்தா சொல்லியிருப்பாள்.

"ஆமா. பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில ஒரு துணிப்பை இருக்கும். அதையும் எடுத்துட்டு வாங்க."

இன்று காலை வந்து இறங்கினார். கூடாரத்துக்கு வெளியே, மெஷினை இறக்க ஆள் தேடி ஃபெலிக்ஸ் போயிருந்த நேரம்.

"சுதாகர்" என்றேன்.

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கரூர் சேதி வந்த அன்னிக்கே தோணிச்சு."

"ஏன் சொல்லல?"

"உன் தம்பி" என்றார். பிறகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?" என்றார்.

கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 15

கண்காட்சி முடிந்தது.

ஜெனரேட்டர் சத்தத்தில் யார் என்ன கேட்கிறார்கள் என்றே புரியவில்லை. எங்கள் மெஷின் பச்சை பெயின்ட் அடித்தது, அங்கங்கே உரிந்திருந்தது. பேனர்கூடக் கிடையாது. ஒரு அட்டையில் ஃபெலிக்ஸ் பெரிய எழுத்தில் "சின்ன வெங்காயம் உரிக்கும் மெஷின், துவாக்குடி" என்று எழுதித் தொங்கவிட்டார். ஒரு பழைய டேப்லெட்டில் அவர் எடுத்த வீடியோவைப் போட்டுவிட்டார். அக்டோபரில் எடுத்தது. மெஷின் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று காட்டி, நடுநடுவே எங்கள் கஸ்டமர்களின் சமையல்காரர்கள் பேசுகிறார்கள். ஸ்ரீரங்கத்து மெஸ்காரர், புதுக்கோட்டை பிரியாணிக் கடைக்காரர். மதியத்தில் அவர் காணாமல் போனதெல்லாம் அதற்குத்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டேனே. ஆனால் நான் கேட்ட விதத்துக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

முதலில் வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வி. "முன்னாடி ஈரோட்டுக்காரங்க வெச்சிருக்காங்களே, அது மாதிரியா?" ஃபெலிக்ஸ் சொன்னது நடந்தது. அவன் முதலில் காட்டிவிட்டான், நாங்கள் காப்பி.

பாலக்காட்டுப் பக்கம் கேட்டரிங் நடத்தும் ஒரு அம்மாள், பத்மஜா என்று பெயர், இரண்டு ஸ்டாலுக்கும் நடையாய் நடந்தார். கடைசியில் ஒரு கூடை வெங்காயத்தை அவரே கொண்டுவந்து கொட்டினார். "அவங்ககிட்ட இதைப் போட்டப்ப நனைஞ்ச வெங்காயம் சரியா உரியல. காரணம் கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

இவர் சொன்னார். மழைக்கால வெங்காயத்துக்குத் தோல் ஏன் ஒட்டுகிறது, அப்போது காற்றின் இடைவெளியை எப்படிக் கூட்ட வேண்டும், எந்தத் திருகாணியைத் திருப்ப வேண்டும் என்று. மூடியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் காட்டினார். சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள், சிலர் போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் நிறுத்தவே இல்லை. எனக்குக் கை பரபரத்தது. அதில் ஒருவன், அவனும் அவன் மீசையும் எனக்குப் பிடிக்கவே இல்லை. யாருடைய ஆளோ. ஆனால் இவர் குரலை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் நான் கேட்டதே இல்லை. நாலு பேர் முன்னால் நிற்கக் கூச்சப்படுகிறவர் என்று நானாகத்தான் முடிவு கட்டியிருக்கிறேன்.

பத்மஜா அம்மாள் வாங்குவதாகச் சொல்லிவிட்டார். பொள்ளாச்சியிலிருந்து ஒருவர், திருச்சூரிலிருந்து ஒருவர் ஷெட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். ஈரோட்டுக்காரர்களுக்கு எங்களைவிட நிறைய ஆர்டர் என்று கேள்வி. இருக்கட்டும். அது வாசல் பக்கம், ஸ்டீல் வேறு.

இன்று மதியம் சுதாகர் எங்கள் வரிசை வரைக்கும் வந்தான். தூரத்திலேயே நின்றான். இவர் கையை அசைத்து "வாடா" என்றார். அவன் வரவில்லை.

வண்டியில் மெஷினை ஏற்றி முடித்ததும் ஃபெலிக்ஸிடம், "திங்கக்கிழமை ஷெட்டுக்கு வருவீங்கள்ல?" என்று கேட்டேன். நேராகச் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்ல எனக்கு வரவில்லை.

"சாவி உங்ககிட்டல்ல இருக்கு" என்றார்.

கைப்பையிலேயே வைத்திருந்தேன். கொடுத்தேன்.

டிசம்பர் 23

தில்லைநகர் வக்கீலிடம் மூன்று பேரும் போனோம். வெளியே காட்டிவிட்ட பிறகு கஷ்டம், ஆனாலும் துணிப்பையோடு சேர்த்து எழுதிப் பார்க்கலாம் என்றார். பையைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். இவர், "என் மனைவி. காத்து விட்டு விட்டு அடிக்கறதும் அவ யோசனைதான்" என்றார். வக்கீல் என் பெயரை எழுதிக்கொண்டார். ஃபெலிக்ஸ் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

வேறு யாருக்காவது இது முன்பே தெரியுமா என்றும் வக்கீல் கேட்டார். நான், "தெரியும்" என்றேன். எப்படி என்று கேட்டார். "குடும்பத்துல" என்றேன். அதற்கு மேல் அவர் எழுதவில்லை.

ஜனவரி 13

பொங்கல் சீர் கொண்டு சுதாகர் வந்தான். ஒவ்வொரு வருஷமும் வருகிறவன்தான், இந்த வருஷம் வர மாட்டான் என்று நினைத்திருந்தேன். கரும்புக் கட்டு, வெல்லம், பச்சரிசி, மஞ்சள் கொத்து, எனக்குப் புடவை. எல்லாவற்றையும் வாசலில் வைத்துக்கொண்டு நின்றான்.

இப்போது எதற்கு வந்திருக்கிறான்? அம்மா அனுப்பினாளா, கம்பெனி அனுப்பியதா, அவனாக வந்தானா? இதைத்தான் முதலில் நினைத்தேன். அக்காவுக்குச் சீர் கொண்டு வருகிறவனைப் பார்த்து இப்படி நினைக்க வேண்டியிருக்கிறது.

இவர்தான் உள்ளே கூப்பிட்டார். இலை போட்டேன். அம்மாவின் முழங்கால் வலி, அவன் பெரியவள் டான்ஸ் கிளாஸ், ஈரோட்டில் இந்த வருஷம் பனி. சாம்பாரில் வெங்காயம் நிறையவே இருந்தது. அவன் ஒதுக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பேச்சு சீக்கிரம் தீர்ந்துபோனது. இத்தனை வருஷமும் நானும் அவனும் என்னதான் பேசிக்கொண்டோம் என்று யோசித்தேன். நான் சொன்னேன், அவன் கேட்டான்.

கிளம்பும்போது, "புடவை பிடிச்சிருக்காக்கா?" என்றான்.

"நல்ல கலர்" என்றேன். உண்மையிலேயே நல்ல கலர்தான்.

ஜனவரி 19

சாயங்காலம் சுதாகர் போன் செய்தான். எடுத்தேன். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், சொன்னான். குழந்தைகளைப் பற்றிக் கேட்டேன், அதையும் சொன்னான். அப்புறம் அவன் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். ஷெட்டில் இவரும் ஃபெலிக்ஸும் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

கடைசியில் அவன்தான், "சரிக்கா, வெச்சிடறேன்" என்றான்.